துவைக்கக் கூடாத சட்டைகள்

அந்தக் கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணியில் கோல்கீப்பருக்குப் பூனை என்று பெயர். பாய்ச்சலைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. பயிற்சி முடிந்து மற்றவர்கள் புல்லில் மல்லாந்து கிடக்கும்போது, இவள் மட்டும் குழாயடியில் குந்திக்கொண்டு விரல் இடுக்குகளைக் கழுவிக்கொண்டிருப்பாள். முழங்கை, முழங்கால், காதுமடலின் பின்புறம் என்று ஒன்றும் தப்பாது. அதைப் பார்த்துவிட்டு ஒருத்தி, "பூனை கெட்டது போ" என்று சொல்லி வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. பாய்ச்சல் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவளுடைய அருவருப்பு சும்மா வந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் வேறு ஊரில் வேலையில் இருந்ததால் படிப்புக்காகச் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். சித்தி நடத்தியது லாண்டரி. முன்னால் கடை, நடுவில் தொட்டிகளும் கொதிகலனும், பின்னால் வீடு. பூனையின் அறைக்கும் தொட்டி அறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். ஊரார் உடம்பிலிருந்து கழன்று வருகிற அழுக்கெல்லாம் அந்தக் கதவைத் தாண்டித்தான் போகும். அக்குள் வியர்வை எது, ஆஸ்பத்திரிப் படுக்கை எது, சமையல்காரரின் ஏப்ரன் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். அந்தத் திறமையால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்கள் போர்வையை எத்தனை நாளாகத் துவைக்கவில்லை என்று மூக்கு தானாகச் சொல்லிவிடும். அப்புறம் எங்கே நிம்மதியாகப் பயணம் போவது?

கடையில் சித்தி வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. வாய் கட்டிய பையை யாரும் தொடக்கூடாது. கட்டு அவிழ்ந்த பை நேரே தொட்டிக்குப் போகும். வாடிக்கையாளர் வந்து, அவரே கட்டை அவிழ்த்து, பையைப் பிரித்துக் காட்டி, சரி என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்கப்புறம் கேள்வி கிடையாது. ஒருமுறை தையல்காரர் ஒருவர் துவைக்கக் கொண்டுவந்த பையோடு, இன்னும் தைக்காத துணி இருந்த பையையும் கட்டு அவிழ்ந்தபடி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது அதுவும் அலசிக் கொடியில் தொங்கியது. சித்தி மன்னிப்புக் கேட்கவில்லை. "கட்டு அவிழ்ந்திருந்துச்சே" என்றாள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து போகிறவளுக்கு வாய்த்த அணியைத்தான் சொல்ல வேண்டும். அந்த அணிக்கு ஒரு நம்பிக்கை. போட்டித் தொடரில் முதல் வெற்றி கிடைத்த பிறகு, தோற்கும் வரை சட்டையைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் அதிர்ஷ்டம் சோப்பு நுரையோடு சாக்கடைக்குப் போய்விடுமாம். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் மீறிப் பார்க்க ஒருத்திக்கும் தைரியம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லாச் சட்டைகளையும் ஈரத்தோடு கழற்றி ஒரு பெரிய பையில் திணித்து, வாயைக் கட்டி, கல்லூரி ஸ்டோர் ரூமில் வைத்துவிடுவார்கள். அடுத்த ஆட்டத்தன்று பிரிப்பார்கள். பிரிக்கும்போது வருகிற வாடையை எழுதிக் காட்ட முடியாது. ஊறிப்போன செருப்பையும் புளித்த பாலையும் ஒரே பாத்திரத்தில் மூடி வைத்துத் திறந்தால் அதில் பாதி வரும்.

அந்த வருடம் அவர்கள் வரிசையாக ஜெயித்துக்கொண்டே போனார்கள். அணியில் மற்றவர்களுக்கு அது வெற்றி. பூனைக்குத் தண்டனை. அவளுடைய கோல்கீப்பர் சட்டை மஞ்சளாக இருந்தது; கால் இறுதிக்குள் பித்தத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. தலை வழியாகப் போடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். முதுகில் அது அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு உரசும். கழுத்தோரம் சிவந்து தடித்துப்போனது. கேப்டனின் சட்டைக் காலருக்குள் ஒரு சூயிங்கம் மூன்று வெற்றிகளைப் பார்த்துவிட்டு அங்கேயே இருந்தது. அதைப் பிய்த்து எறியலாமே என்று பூனை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். கேப்டன் அவளைப் பார்த்த பார்வையில் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காததற்குக் காரணம் இருந்தது. போன வருடம் முழுக்க அவள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தவள். இந்த வருடம்தான் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கக் கிடைத்தது. இறுதி ஆட்டத்துக்குப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வந்து உட்காரப் போகிறார்கள். அன்று அவள் நின்றால்தான் அவர்கள் கண்ணில் படுவாள். நிற்பதும் உட்காருவதும் கேப்டன் கையில். கோச் என்று ஒருவர் இருந்தார், விசிலை ஊதுவார், மற்றபடி "கேப்டன் என்ன சொல்றா?" என்பார்.

அரையிறுதி மழையில் நடந்தது. ஜெயித்தார்கள். சட்டைகளோடு அரை மைதானத்தையும் சேர்த்துப் பையில் அடைத்தார்கள். ஸ்டோர் ரூமைத் திறந்தபோது, பழைய முழங்கால் உறை ஒன்றுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. ரோமம் முளைக்காத, இளஞ்சிவப்பான, கண் திறக்காத குட்டிகள். ஒன்றின்மேல் ஒன்று நெளிந்தன. பூனை வெளியே ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எலிகள் பையைக் கடித்துவிடும், பை யார் வீட்டிலாவது இருக்கட்டும் என்று முடிவானது. மைதானத்துக்குப் பக்கத்தில் யார் வீடு என்று பேச்சு வந்தது. எல்லோரும் இவளைப் பார்த்தார்கள்.

"என் வீடு லாண்டரி அக்கா" என்றாள் பூனை.

"அதனாலதான் சொல்றேன், கட்டை அவிழ்க்காதே" என்றாள் கேப்டன். "ஃபைனல் அன்னிக்கு நான்தான் அவிழ்ப்பேன். அதுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டுச்சு, நீ பெஞ்சுக்கே போயிடலாம்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அது முதுகை நனைத்தது. எது நனைத்தது என்று யோசிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு நடந்தாள். சித்தி கேட்டதற்கு விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அடுத்த நாள் அறையில் இரண்டு ஈக்கள் வந்தன. மூன்றாம் நாள் அவை உறவினரை அழைத்துக்கொண்டு வந்தன.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை அவளால் தாங்க முடியவில்லை. தண்ணீர்தானே படக்கூடாது, காற்றுப் பட்டால் என்ன என்று ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையாலும் பல்லாலும் கட்டை அவிழ்த்தாள். பல்லால் அவிழ்த்ததை நினைத்துவிட்டு மூன்று முறை வாய் கொப்பளித்தாள். உள்ளே நாலைந்து பாச்சை உருண்டைகளைப் போட்டு, காற்றாடட்டும் என்று பையைப் பின்கதவோரம் இழுத்து வைத்தாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் வந்து கட்டிக்கொள்ளலாம் என்று ஓடினாள். நடக்கத் தெரிந்த காலத்திலிருந்து விடுமுறைக்கெல்லாம் அந்த வீட்டுக்கு வந்து போனவள். அந்தச் சட்டத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள். ஆனால் அவள் புத்தி முழுக்க அப்போது மூக்கில் இருந்தது.

சாயங்காலம் அவள் கட்டிலின்மேல் சட்டைகள் அடுக்கியிருந்தன. இஸ்திரி போட்டு, மடித்து, ஒவ்வொன்றும் மெல்லிய காகிதத்தில் சுற்றி. மஞ்சள் சட்டை அசல் மஞ்சளாக இருந்தது. எண்கள் எழுதின அன்றைக்குப் போல வெளுப்பாக இருந்தன. அறையில் ஒரு ஈ இல்லை.

சித்தி வாசலில் சாய்ந்துகொண்டு நின்றாள். கை இரண்டும் வெந்து சிவந்திருந்தன.

"வாயைத் திறந்து கேக்கக் கூச்சமா உனக்கு? திருடி மாதிரி பின்கதவுல வச்சிட்டுப் போயிருக்கே. காலருக்குள்ள இருந்த சூயிங்கத்தை ஐஸ் வச்சு எடுத்தேன். ஒரு சட்டையில காய்ஞ்ச வாந்தி. மனுஷங்களா நீங்க?"

கட்டு அவிழ்ந்திருந்ததா என்று பூனை கேட்கவில்லை. பதில் அவளுக்கே தெரியும். "தேங்க்ஸ் சித்தி" என்று மட்டும் சொன்னாள். அது அழுகை மாதிரி வந்ததைச் சித்தி நன்றி மாதிரி எடுத்துக்கொண்டு போனாள்.

விடிந்தும் விடியாததுமாகப் பூனை அத்தனை சட்டைகளையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். பழையபடி ஆக்கிவிட வேண்டும், வேறு வழி இல்லை. முதலில் வியர்வை. கேப்டனின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று ஓடினாள். கழற்றிவிட்டு அடுத்ததைப் போட்டுக்கொண்டு அடுத்த சுற்று. வாட்ச்மேன் பல் துலக்கிக்கொண்டே பார்த்தார். நாலாவது சட்டையில் அவர் பொறுமை போனது.

"ஏம்மா, ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு சட்டையா? பணக்கார வீட்டுப் புள்ளையா நீ?"

அவள் அடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாள். கடைசியில் முகர்ந்து பார்த்தாள். தேறவில்லை. அந்தப் பழைய வாடை பல பேர் சேர்ந்து பல வாரம் ஊறவைத்தது. இது வெறும் இவள் வாடை, அதுவும் சோப்பு மணத்துக்கு மேலே. எல்லாச் சட்டையும் ஒரே ஆள் போட்ட மாதிரி இருந்தது. கேப்டனின் மூக்கு ஏமாறாது.

சரி, சேறாவது பூசலாம் என்று கோல் முன்னால் குழிந்திருந்த ஈரத்துக்குப் போனாள். யார் சட்டையில் எங்கே கறை இருந்தது என்று அவளுக்கு மனப்பாடம். கேப்டனுக்கு இடது தோளில் உள்ளங்கை அகலம். மண்டியிட்டு, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி, அந்தத் தோளில் வைத்து, துணியின் இழைக்குள் இறங்கும்படி நன்றாக அழுத்தித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அது மண்ணைவிட வழுவழுப்பாக வந்தது. நிறமும் மண்ணின் நிறம் இல்லை. அப்புறம் மூக்குக்குச் செய்தி வந்தது.

ராத்திரி அங்கே நாய் வந்து போயிருந்தது.

கை முழுக்க. நக இடுக்கு முழுக்க. சட்டையின் நெஞ்சில் வேறு துடைத்திருந்தாள். கோல் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளப் போனாள்; கையைப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல், அப்படியே நின்று வயிற்றில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்தாள். காலியான பிறகும் குடல் சுருண்டு சுருண்டு மேலே வந்தது. வாட்ச்மேன் தண்ணீர்ச் சொம்போடு வந்தவர், இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார்.

"தோச்ச சட்டையை அழுக்காக்குறதுக்கு இவ்வளவு கஷ்டப்படுற ஆளை இன்னிக்குத்தாம்மா பாக்குறேன்" என்று சொல்லி, தூரத்திலிருந்தே அவள் கையில் தண்ணீரை ஊற்றினார்.

வீட்டுக்கு வந்தபோது சித்தி ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பூனையையும் பையையும் பார்த்தாள். பையின் கட்டு அவிழ்ந்துதான் இருந்தது. உள்ளே கையை விட்டு ஒரு சட்டையை வெளியே எடுத்தாள். கேப்டன் சட்டையேதான் வந்தது. சித்தி அதை மறுபடி பையில் போடவில்லை, கீழேயும் போடவில்லை. இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பூனை எல்லாவற்றையும் சொன்னாள். நம்பிக்கை, சட்டைகள், பெஞ்ச், பல்கலைக்கழக அணி, ஓட்டம், நாய். சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

சித்தி கத்துவாள் என்று பார்த்தால் கத்தவில்லை. "இத்தனை வருஷமா ஊரான் பீயைத் துவைக்கிறேன். எவனும் வேணும்னு செஞ்சு கொண்டாந்து கொடுத்ததில்லை" என்றாள். "ஒரு நாள் முழுக்க நின்னு துவைச்சேன்டீ. கை எரியுது, பாரு."

சட்டையைப் பூனையின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆட்டம் மதியத்துக்கு மேலேதான். பூனை தொட்டி அறைக்குப் போனாள். சித்தி உதவிக்கு வரவில்லை. அந்தப் பக்கம் திரும்பி நின்று ஹோட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பூனை வெந்நீர்க் குழாயைத் திறக்கப் போனபோது மட்டும் ஒரு கனைப்பு வந்தது. இந்த மாதிரிக் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர். சூடு பட்டால் நிறம் துணியோடு ஒட்டிக்கொள்ளும். பூனை குழாயை மூடினாள். எல்லாச் சட்டைகளையும் வெறும் கையால் தேய்த்தாள். அலசினாள், மறுபடி தேய்த்தாள், முகர்ந்தாள், இன்னொரு தண்ணீர் மாற்றினாள். கொதிகலன் பக்கத்துக் கொடியில் விரித்துப் போட்டாள். புறப்படும் நேரத்தில் மடிப்புகளில் ஈரம் இன்னும் இருந்தது. அப்படியே பையில் வைத்து, வாயைக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

உடை மாற்றும் அறையில் சாக்கடை மூடிக்குமேல் யாரோ விட்டுப்போன தலைமுடிச் சுருள் ஒன்று ஈரமாகக் கிடந்தது. எல்லோரும் வட்டமாக நின்றார்கள். கேப்டன் ஒரு பூஜைக்குரிய பொறுமையோடு கட்டை அவிழ்த்தாள். உள்ளே குனிந்தவள் நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து மூக்கை நன்றாக உள்ளே விட்டாள்.

"இது என்ன வாசனை?"

கேப்டன் தன் சட்டையை எடுத்துக் காலரைத் திருப்பிப் பார்த்தாள். சூயிங்கம் இல்லை.

"யார் துவைச்சது?"

வீட்டில் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லலாம். அதில் பாதி உண்மையும்கூட. பூனையின் விரல்கள் இன்னும் சோப்பில் ஊறிச் சுருங்கியிருந்தன. "நான்தான் அக்கா" என்றாள். "கட்டை அவிழ்த்ததும் நான்தான், துவைச்சதும் நான்தான்."

ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். இன்னொருத்தி, அப்போதே தெரியும், லாண்டரிக்காரி கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்றாள். கேப்டன் குரலை உயர்த்தவில்லை. பூனையின் கையிலிருந்த கையுறைகளை எடுத்து, மூலையில் இருந்த மாற்று கோல்கீப்பரிடம் எறிந்தாள். முதலாண்டுப் பெண். அணியில் அவளுக்குக் கண்ணாடி என்று பெயர்.

கண்ணாடி கையுறைகளைப் பிடிக்கவில்லை. அவை அவள் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தன. அறை அதைப் பார்த்தது.

"அக்கா, கண்ணாடியைக் கழட்டினா எனக்குக் கோல்போஸ்ட்டே ரெண்டு தெரியும்" என்றாள் அவள். "எதுல நிக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க, நிக்கிறேன்."

கதவோரம் நின்ற கோச் வழக்கம்போல, "கேப்டன் என்ன சொல்றா?" என்றார். கேப்டன் கீழே கிடந்த கையுறைகளைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், "ஒரு கோல் உள்ளே போகட்டும், அப்புறம் பேசிக்கிறேன்" என்றாள். பூனை கையுறைகளைத் தானே குனிந்து எடுத்துக்கொண்டாள்.

ஆட்டம் அழகாக ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் பயந்து பயந்து ஆடின. முதல் பாதியில் கேப்டன் ஒரு கோல் போட்டாள். போட்டுவிட்டுச் சந்தோஷப்படாமல், ஏதோ தப்பு நடந்துவிட்டது போலத் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் எதிரணி இந்தப் பக்கமே கூடாரம் போட்டுவிட்டது. பூனையின் காலடியில் அதே ஈரக் குழி இருந்தது. அது எது என்று அந்த மைதானத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முடிந்தவரை அதைச் சுற்றியே நின்றாள்.

முடிகிற நேரத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி தனியாகத் தப்பித்து வந்தாள். பந்து தாழ்வாக, குழி இருந்த பக்கமாக வந்தது. வேறு எந்தப் பக்கம் வந்திருந்தாலும் பரவாயில்லை. பூனை விழுந்தாள். பந்து கன்னத்தில் அறைந்து வெளியே போனது. முகம் குழிக்குள் போனது. வாய் திறந்திருந்தது. உள்ளே போனது மண் என்று அவள் இன்றைக்கும் நம்புகிறாள், நம்பியே ஆக வேண்டும். துப்பிக்கொண்டே எழுந்தாள். துப்பிக்கொண்டே இருந்தபோது கடைசி விசில் ஒலித்தது.

குழாயடிக்கு ஓடினவளை வழியிலேயே கோச் பிடித்தார். ஆள் எடுக்க வந்தவர்கள் அவள் பெயரையும் வகுப்பையும் கேட்டார்களாம், திங்கட்கிழமை வரச் சொன்னார்களாம். அவள் தலையை ஆட்டினாள். வாயைத் திறக்க முடியாத நிலை. அதற்குள் கேப்டன் வந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். கேப்டனின் அக்குள் பூனையின் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"நீதான்டீ நம்ம அதிர்ஷ்டம்" என்றாள் கேப்டன். "இனிமே ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாடியும் நீதான் துவைக்கணும். அதே கை, அதே சோப்பு. மாத்தாதே."

அணி முழுக்க ஆமோதித்தது. ஆட்டத்துக்கு முன்னால் அழுதவள் இப்போதும் அழுதாள். பை திறந்து அவள் முன்னால் வந்தது. சட்டைகள் விழுந்தன. அதோடு நிற்கவில்லை, சட்டைக்கு மட்டும் அதிர்ஷ்டம் போதுமா என்று ஒருத்தி தன் சாக்ஸைக் கழற்றிப் போட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். சாக்ஸைத் துவைப்பது என்பது அந்த அணியில் எந்தக் காலத்திலும் யாருக்கும் தோன்றாத விஷயம். சில காலிலிருந்து வரவே மறுத்தன. ஒன்று தரையில் விழுந்து, பாதத்தின் வடிவத்திலேயே நின்றது. முழங்கால் உறைகளும் வந்தன. எலி குட்டி போட்டிருந்த அந்த உறையை எடுத்துக் கழுவாமலே யாரோ மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் பூனைக்குத் தெரிந்தது.

நடக்க முடியாதபடி பை கனத்ததால் பஸ் ஏறினாள். பஸ்ஸில் அவளைச் சுற்றி இருந்த சீட்டுகளெல்லாம் அடுத்த நிறுத்தத்துக்குள் காலியாகிவிட்டன. எழுந்து போனவர்கள் யாரையும் அவள் குறை சொல்லவில்லை. அவளே எழுந்து போயிருப்பாள்.

சித்தி கவுன்டருக்குப் பின்னால் இருந்தாள். பையைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சோம்."

"அப்ப இதை மறுபடி ஊறப்போடுவீங்களே. கட்டி வச்சிருக்கியா?"

பூனை பையைக் கவுன்டர்மேல் தூக்கி வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, இந்த முறை பல்லை உபயோகிக்காமல், விரலாலேயே கட்டை அவிழ்த்தாள்.

சித்தி பையின் வாயைப் பார்த்தாள். பிறகு கவுன்டருக்கு அடியிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறைகளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"சாக்ஸைத் தனியாப் போடு" என்றாள். "என் தொட்டியில இல்ல. வெளியில, பழைய வாளியில."

பூனை கையுறைகளை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பைக்குள் கையை விட்டாள்.